இறக்கத்திற்கு முன் பிரேக்கைப் பார்ப்போம்

அட்டனிலிருந்து றொசல்ல வழியாக வட்டவளைக்கும் கினிகத்தேனைக்கும் இறங்கும் பாதையை நம்மில் அறியாதவர் இல்லை. காணியை விட்டு எழும்பி வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று ஒரு பழைய ஓட்டோ அல்லது சிறிய வான்தான் சோறு போடுகிறது. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுவதும், பின்னர் மரக்கறி மூட்டைகளை ஏற்றுவதும் அதே வண்டிதான். தவணைக் காசு கட்டவே திண்டாடும் வீட்டில் பிரேக் பார்க்கும் வேலை அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போவது எமக்குத் தெரியும். ஆனால் 2023 ஜனவரி 20ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். அன்று நானுஓயா ராதெல்ல குறுக்குப் பாதையில் இறங்கிய பஸ் ஒரு வானுடனும் ஓட்டோவுடனும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள்.

எமக்கும் ஒருமுறை நேர்ந்தது. மழை நாள், வான் நிறைய ஆட்கள். இறக்கம் முழுவதும் சாரதி பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தார். முதலில் கருகிய மணம் வந்தது. பிறகு மிதி, பஞ்சை மிதித்தது போல் உள்ளே போனது. அவர் பதறாமல் மிதியைப் பலமுறை அடித்தார். கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் குறைத்தார். கைப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சரிவோரமாக நிறுத்தினார். ஒரு மணித்தியாலம் கழித்து மிதித்தால் பிரேக் நன்றாகவே இருந்தது! மறுநாள் கராஜிலும் “ஒன்றுமில்லை” என்றார்கள்.

ஒன்றுமில்லாமல் இல்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. வருடத்திற்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் வட்டவளைப் பக்கத்தில் கேட்க வேண்டுமா? டொட் 3 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி உண்டாகும். ஒயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். ஆகவே கால் கொடுக்கும் அழுத்தம் சில்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், குற்றம் ஒளிந்துகொள்ளும். எனவே எமது பகுதியில் வருடத்திற்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றுவதே நல்லது என்பது எமது கருத்து. திறந்து பல மாதம் கிடந்த போத்தலை ஊற்ற வேண்டாம். அவசரத்திற்கு எஞ்சின் ஒயில் ஊற்றுவோரும் உண்டு. அது உள்ளேயுள்ள றப்பர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

மற்றக் குற்றங்களைக் காலே சொல்லும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மிதியை அமர்த்தி அரை நிமிடம் வைத்திருங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே வந்தால் பெரும்பாலும் லைனர் தேய்ந்திருக்கும், அல்லது சரிசெய்யாமல் தளர்ந்திருக்கும். எப்போதும் பஞ்சு போல் இருந்தால் உள்ளே காற்று. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர்க் காற்றைப் பாருங்கள். அது சரியென்றால் ஒரு சில்லின் லைனரில் ஒயில் பட்டிருக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டால் அன்றைக்கு ஓடவே வேண்டாம்.

காற்றை எடுப்பது வீட்டில் இருவர் செய்யக்கூடிய வேலை. சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள். ஒயில் தாங்கியை நிரப்பி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குங்கள். ஓட்டோவில் அது பின்சில்லு. நிப்பிளில் ஒரு தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். ஒருவர் சில முறை மிதித்து அமர்த்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறப்பார். குமிழியோடு ஒயில் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இதில் பிழைவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். “பிடி”, “விடு” என்று உரக்கச் சொல்லிச் செய்யுங்கள். குமிழி நிற்கும்வரை தொடர்ந்து, இடையிடையே தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த ஒயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

ட்ரம்மைக் கழற்றினால் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள். வெடித்த ட்ரம், வீங்கிய ஒயில் குழாய், ஒழுகும் சிலிண்டர் ஆகியவற்றை நல்ல கராஜுக்கே கொண்டுபோக வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

இறங்கும்போது, ஏறிய அதே கியரில் அல்லது அதைவிடக் குறைந்த கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டுப் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்போது முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான். மணம் வந்தால் நிறுத்தி, கியரில் விட்டு, ஆறவிடுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிக்கும். வேலை முடிந்த முதல் ஓட்டம் வெறும் வண்டியுடன் சமதரையில் இருக்கட்டும். பிள்ளைகளை ஏற்றுவது அதற்குப் பிறகு.