பாவித்த காரும் பழகிய கையும்

எங்கள் மண்ணில் பழைய வாகனங்களைப் பேணிக் காப்பாற்றுவது புதிய விடயமல்ல. தொண்ணூறுகளில் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாற்பது வயதைத் தாண்டிய எந்தச் சகோதரியும் மறந்திருக்க மாட்டார். கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்குவார்கள். பின்னர் அது மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி ஓடும். உதிரிப்பாகங்கள் வராத நிலையில் இருந்ததைத் துடைத்தும் திருத்தியும் ஓடினார்கள். பிரசவ வலி கண்ட எத்தனையோ தாய்மாரை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவை அந்தக் கார்கள்தான்.

ஆனால் அந்த அறிவு ஆண்களின் கைகளிலேயே தங்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது 'பால்நிலை சார்ந்த உழைப்புப் பிரிவினை' என்று ஓர் அத்தியாயம் படித்தோம். அதன் உண்மையான பொருளைக் களத்தில்தான் கண்டேன். குடும்பத் தலைவர் இல்லாத வீடுகளின் முற்றத்தில் மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ சாக்கினால் மூடப்பட்டு நிற்கும். அதைத் தொடுவதற்கு வீட்டுப் பெண்ணுக்குப் பயம். "என்ன செய்யிறதெண்டு தெரியேல்லைத் தங்கச்சி" என்பார்கள். சில மாதங்களில் அது இரும்பு விலைக்குப் போய்விடும்.

எனக்கு வாய்த்த கார்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை மளமளவென்று ஏறியது. அந்தக் காலத்தில்தான் நான் சேமிப்பைத் திரட்டி இருபது வயதைத் தாண்டிய மாருதி 800 ஒன்றை வாங்கினேன். மூன்று சிலிண்டர் கொண்ட, 796 சீசீ எஞ்சின் உள்ள சின்னக் கார். 2014 இல் இந்த மாதிரியின் தயாரிப்பே நின்றுவிட்டது. உள்ளூர்க் கிராமங்களுக்குக் களப்பணிக்குச் செல்லவும், அவசரத்திற்கு யாரையாவது வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லவும் அது போதும்.

வாகனம் ஓட்டப் பழகியிருந்தேனே தவிர, பராமரிப்புப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எனக்குக் குருவாக வந்தவர் அயலில் வசிக்கும் ஓர் ஐயா. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் வாடகைக்கார் ஓட்டியவர். முதல் நாளே அவர் சொன்னது இதுதான்: "பிள்ளை, காரைக் கழுவுறது வடிவுக்கெண்டு நினையாதை. கழுவேக்கைதான் அதுக்கு என்ன வருத்தமெண்டு தெரியும்."

கழுவுவதிலும் ஓர் ஒழுங்கு

எங்கள் கிரவல் வீதிகளின் செம்புழுதி பார்ப்பதற்கு மா போல இருந்தாலும் அதில் நுண்ணிய மணல் கலந்திருக்கின்றது. காய்ந்த துணியால் அதைத் துடைத்தால் அரத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். ஆகவே முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கரைத்து ஓடவிட வேண்டும். காரை நிழலில் நிறுத்தி, தகரம் சூடு ஆறிய பின்னரே தொடங்க வேண்டும்.

இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் கார் கழுவும் ஷாம்பூ கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பின்னரே ஷாம்பூ நீரில் தோய்க்க வேண்டும். மேற்கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரவேண்டும். சில்லுகளைக் கடைசியாக, வேறு துணியால் கழுவ வேண்டும். அந்தத் துணி மறந்தும் காரின் உடலில் படக்கூடாது.

உடுப்புத் தோய்க்கும் பவுடரும் பாத்திரம் கழுவும் திரவமும் நிறப்பூச்சின் மேலுள்ள மெழுகைக் கழற்றிவிடும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்று பலர் சொல்வார்கள். அந்தப் பளபளப்பு மறுநாளே புழுதியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். கதவு ஓரத்து இறப்பர்களும் பழுதாகும்.

எங்கள் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு கலந்த நீரே ஊறுகின்றது. கழுவிய காரை அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும். பழைய பருத்தித் துணியால் உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும். கடற்கரைக் கிராமங்களில் உள்ளோர் உவர்நீரால் கழுவுவதைத் தவிர்க்க வேண்டும். கடற்காற்றின் உப்புப் படிந்த வாகனத்தை நன்னீரால் அடிக்கடி கழுவுவது நல்லது, குறிப்பாக அடிப்பகுதியை.

காக எச்சத்தையும் மரப்பாலையும் நகத்தால் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைச் சில நிமிடங்கள் மேலே போட்டு ஊறவைத்தால் தானாகவே இளகி வந்துவிடும்.

பொலிஷ் வேறு, மெழுகு வேறு

இரண்டும் ஒன்றென்றே நானும் எண்ணியிருந்தேன். பொலிஷ் என்பது நிறப்பூச்சின் மேற்படையை மெல்லியதாகத் தேய்த்து எடுப்பது. பழைய காருக்கு மிஞ்சியிருப்பதே கொஞ்ச நிறம்தான். எனவே அதை எப்போதாவது ஒருமுறைதான் செய்யலாம். மெழுகு மேலே ஒரு காப்பாகப் படிவது. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, நிழலில், ஒரு சிறு பகுதியாக மெல்லிதாகப் பூசித் துடைத்தால் போதும். மாரி மழைக்கு முன்னர் ஒரு தடவை பூசுவது நல்லது.

மறைந்திருக்கும் துரு

கதவுகளின் அடிப்பக்கத்தில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. மண் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி, வெளியே தெரியாமலே உள்ளிருந்து துரு பிடிக்கும். ஈர்க்கிலால் மெதுவாகக் குத்தி எடுத்தேன். மூன்று துளைகளில் இருந்து கறுத்த சேறு வந்தது. முன் கண்ணாடியின் கீழே வேப்பிலைச் சருகு அடைத்தாலும் நீர் காருக்குள் இறங்கும். பாய்களைத் தூக்கி, அடியிலுள்ள கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரமிருந்தால் வெயில் நாளில் கதவுகளைத் திறந்துவிட்டுக் காயவைக்க வேண்டும். இல்லையேல் பூஞ்சணமும் துருவும் சேர்ந்து வரும்.

பாவித்த கார் வாங்கும்போது ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டு செல்லுங்கள். இரும்புத் தகரத்தில் அது ஒட்டும். துருவை மறைத்துப் பசை பூசி நிறமடித்த இடத்தில் ஒட்டாது. சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவையோடு ஒத்திருக்கின்றனவா என்றும், லீசிங் கடன் எதுவும் பாக்கி உள்ளதா என்றும் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பானற்றின் கீழே

பானற்றைத் திறக்கும் முன்னர் காப்பு, சங்கிலியைக் கழற்றி, கூந்தலை முடிந்து, தாவணியையோ சேலைத் தலைப்பையோ இறுகச் செருகிக்கொள்ளுங்கள். சுழலும் பட்டி துணியை இழுத்துவிடும். காப்பு பற்றறி முனைகளில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

எஞ்சினுக்குக் குழாய் நீரைப் பாய்ச்சக் கூடாது. ஈரத்துணியும் பழைய பல்துலக்கும் தூரிகையும் போதும். பற்றறி முனைகளில் வெண்பச்சைத் தூள் படிந்திருந்தால் எஞ்சினை நிறுத்தி, முதலில் எதிர் முனையையும் பின்னர் நேர் முனையையும் கழற்ற வேண்டும். அப்பச்சோடாவை நீரில் கரைத்துத் தூரிகையால் தேய்த்துத் துடைத்துக் காயவைத்து, நேர் முனையை முதலில் பூட்டி, எதிர் முனையைக் கடைசியில் பூட்ட வேண்டும்.

எஞ்சின் ஒயிலைச் சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்களின் பின்னர் பார்க்க வேண்டும். கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்தால் இரண்டு அடையாளங்களுக்கும் நடுவில் ஒயில் தெரிய வேண்டும். பிறேக் ஒயில் குப்பியிலும் இரு கோடுகள் உண்டு. அந்த ஒயில் நிறப்பூச்சில் சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவுங்கள், நிறத்தை அரித்துவிடும். றேடியேற்றர் மூடியைச் சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரயர் பழையதாக இருக்கலாம். பூவின் பள்ளங்களுக்குள்ளே சிறு மேடுகள் உண்டு. பூ தேய்ந்து அவற்றோடு சமமானால் 1.6 மில்லிமீற்றரே மிச்சம். மாற்றியே ஆகவேண்டும்.

துடைத்த கை கண்டது

ஒருநாள் களப்பணி முடிந்து திரும்பும் வழியில் கார் சூடேறியது. வழியிலிருந்த ஒரு கராச்சில் விட்டேன். பானற்றைத் திறந்த உடனேயே, "மிஸ், எஞ்சின் கழற்ற வேணும்" என்று அங்கிருந்தவர் ஒரு தொகை சொன்னார். அது எனது இரண்டு மாதச் சம்பளத்திலும் கூட. பெண் தனியாக வந்தால் இப்படித்தான் என்பதைப் பல சகோதரிகள் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் அதற்கு முந்திய ஞாயிறுதான் நான் அந்த இடத்தைத் துடைத்திருந்தேன். றேடியேற்றரின் மேல்குழாய் முனையில் வெள்ளையாக ஏதோ காய்ந்து படிந்திருந்ததைக் கண்டு, ஐயாவிடம் கேட்பதற்காகக் கொப்பியில் குறித்தும் வைத்திருந்தேன். "அண்ணை, முதலில் அந்தக் குழாயைப் பாருங்கோ" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார். குழாய் முனை வெடித்திருந்தது, இறுக்கும் வளையமும் தளர்ந்திருந்தது. புதிய குழாயும் வளையமும் போட்டு நீர் நிரப்பியதும் சரி. எஞ்சின் கழற்றப்படவில்லை. கார் இன்றும் ஓடுகின்றது.

அன்று எனக்கு மிஞ்சியது பணம் மட்டுமல்ல. நான் மெக்கானிக் அல்ல, ஆகவும் முடியாது. ஆனால் என் பொருளைப் பற்றி என்னிடம் பேசுபவர், உண்மை பேச வேண்டிய நிலை வந்தது. அதற்கு நான் கொடுத்த விலை வாரத்தில் ஒரு மணித்தியாலமும் இரண்டு வாளித் தண்ணீரும்தான்.

முற்றத்து ஓட்டோ

எங்கள் மாதர் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். பின்னாளில் சகோதரர் விட்டுச் சென்ற பழைய ஓட்டோ ஒன்று அவரது முற்றத்தில் நின்றது. ஐயாவும் நானும் போய், அவரையே கழுவ வைத்தோம். முதல் நாள் அவர் தயங்கித் தயங்கித்தான் தொட்டார். அயலவர் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். மூன்றாம் கிழமை அவரே ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். பற்றறி மாற்றி, பிறேக் திருத்தி, அனுமதிப்பத்திரமும் எடுத்து, இப்போது காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறார்.

அவரிடம் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று உண்டு. ஒயில் மாற்றிய திகதி, ஓடிய கிலோமீற்றர், போட்ட பாகம், கொடுத்த காசு எல்லாம் அதில் உள்ளன. அண்மையில் ஒரு வியாபாரி வந்து "எஞ்சின் முடிஞ்சுது, வித்துப்போடுங்கோ அக்கா" என்று அடிமாட்டு விலை கேட்டாராம். அக்கா கொப்பியை எடுத்து வந்து முன்னே வைத்தாராம். அவர் அதற்குமேல் பேசவில்லை.

அன்பான சகோதரிகளே, பராமரிப்பு பழைய வாகனத்தைப் புதிதாக்கிவிடாது. தேய்ந்த பாகம் தேய்ந்ததுதான். அதற்குக் காசு வேண்டும், கைதேர்ந்தவரும் வேண்டும். ஆனால் எது தேய்ந்தது, எது தேயவில்லை என்பதை அறிய உங்கள் கைகளே போதும். உங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலும் சரி, இந்த ஞாயிறு அதன் மேலுள்ள சாக்கை எடுங்கள். இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு பழந்துணியும் ஒரு கொப்பியும் கொண்டு போய் அதன் அருகில் இருங்கள். மேலிருந்து கீழாகத் துடையுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுங்கள். பெயர் தெரியாத பாகத்தைப் படமாகக் கீறி வையுங்கள், தெரிந்தவரிடம் கேட்கலாம். முதற் பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கம் தானாக வரும்.