கோபத்துக்கு ஆயுள் எத்தனை நாள்?

சமையலறையில் ஒரு பாத்திரம் 'ணங்'கென்று இறங்குகிறது. கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் கணவர் தலையை நிமிர்த்தாமலே புரிந்துகொண்டுவிடுகிறார். "சரிதான், இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது!"

நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனாலும் உங்கள் கை பேசிவிட்டது, அல்லவா? உள்ளத்தில் எழுந்தது உடம்பில் தெரிந்துவிட்டது. இதற்குத்தான் நம் தொல்காப்பியர் 'மெய்ப்பாடு' என்று பெயர் வைத்தார். மெய்யிலே படுவது மெய்ப்பாடு. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884-ல் இதையே வேறு விதமாகத் திருப்பிச் சொன்னார். பயந்ததால் நாம் நடுங்குவதில்லை. நடுங்குவதால்தான் பயத்தை உணர்கிறோம் என்பது அவர் கட்சி. அது முழு உண்மையல்ல என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். ஆனால் உணர்ச்சியில் உடம்புக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை.

தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக உணர்ச்சிகளை எட்டாகப் பிரித்தார். அதோடு விடவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணமும் சொன்னார். கோபத்துக்கு அவர் சொல்லும் காரணங்கள் என்ன தெரியுமா? உடம்புக்கு ஊறு, குடிக்குக் கேடு, அலைக்கழிப்பு, கொலை. சுருக்கமாகச் சொன்னால், நமக்கு வேண்டிய ஒன்றின் மேல் யாரோ கை வைக்கும்போது கோபம் வருகிறது.

இந்தக் கணக்கை ஓர் ஊரே போட்டுக் காட்டியது உண்டு. அந்த ஊர் திருநெல்வேலி.

1908-ம் ஆண்டு மார்ச் மாதம். தாமிரபரணிக் கரையிலுள்ள தைப்பூச மண்டபத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் பிள்ளை. மக்களுக்கு அவர் வெறும் தலைவர் அல்ல. சொந்த வீட்டுப் பிள்ளை. மார்ச் 12-ம் தேதி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் நெல்லை பொங்கி எழுந்தது. கடைகள் மூடின. நகரசபை அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் நிலையம் எல்லாம் தீக்கு இரையாயின. போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர்.

இது கோபம், சந்தேகமே இல்லை. குடிக்கு வந்த கேடு என்று ஊரே உணர்ந்த கோபம்.

ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஆயுள் தண்டனை! மொத்தம் நாற்பது ஆண்டுகள். அதைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தமே கலங்கிவிட்டது. பிறகு மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோயமுத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கைப் பிள்ளை இழுத்தார். 1912-ம் ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி கண்ணனூர்ச் சிறைக் கதவு திறந்தது.

வெளியே எத்தனை ஆயிரம் பேர் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கூட்டமே இல்லை.

1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட சகோதரிகளுக்கு இந்த இடம் நினைவிருக்கும். "நன்றி கெட்ட ஜனங்கள்!" என்று நமக்கு வாயில் வரும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அந்த நாலரை ஆண்டுகளில் என்ன நடந்தது? கலகத்துக்குத் தண்டனையாகத் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கூடுதல் போலீஸ் வந்து இறங்கியது. அதன் செலவையும் ஊராரே கொடுக்க வேண்டியிருந்தது. 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் மிகுந்தது. அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு காரணங்களில் அரசனும் ஒன்று. கோபம் இருந்த இடத்தில் அச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. மக்கள் மனம் கல்லாகிவிடவில்லை, பயந்துவிட்டது.

சரி, செக்கிழுத்தவரை மட்டும் தாங்கி நிறுத்தியது எது? கோபமாக இருக்க முடியாது. நாலரை ஆண்டுகள் ஒரே சூட்டில் எரிகிற கோபம் கிடையாது. அவர் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார். ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் 1903-ல் எழுதிய புத்தகத்தை 'மனம்போல வாழ்வு' என்று சிறைக் காலத்தில் தமிழாக்கினார். 'மெய்யறம்' என்று 125 அதிகாரங்களில் ஓர் அற நூலும் இயற்றினார். உணர்ச்சி நம்மைக் கிளப்பிவிடும். தொடர்ந்து நடத்திக்கொண்டு போவது குறிக்கோள்தான்.

இங்கே ஒரு நெருடல். மனிதனுடைய நினைப்பே அவன் நிலைமையை ஆக்குகிறது என்பது ஆலனின் கொள்கை. அப்படியானால் பிள்ளை செக்கில் பூட்டப்பட்டது அவர் நினைப்பின் பயனா? தம்பியின் சித்தம் கலங்கியது தம்பியின் குற்றமா? இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்களும் ஒப்புக்கொள்ளக் கூடாது. துன்பப்படுகிறவரிடம், "எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்வதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. செக்கை மாட்டியது வேறு கை. செக்கடியிலும் மனத்தை எதில் செலுத்துவது என்பது மட்டும் பிள்ளையின் கையில் இருந்தது. அந்த அளவுக்குத்தான் ஆலன் சரி.

வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னதும் இல்லை, வறுமைதான் காத்திருந்தது. பிற்பாடு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார்! வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர்தான். ஆனால் கோபம் அவருடைய நன்றியைத் தின்றுவிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை இளம்பூரணர் உரையோடு, வையாபுரிப் பிள்ளையுடன் சேர்ந்து பதிப்பித்தவரும் இவரே. மெய்ப்பாட்டு இயல் இருப்பது அதில்தான். எட்டு உணர்ச்சிகளையும் அனுபவித்துத் தீர்த்த மனிதர், அவற்றின் இலக்கணத்தை அச்சிலேற்றிக் கொடுத்தார். 1936 நவம்பர் 18-ல் அவர் மறைந்தார்.

ஆகவே, அடுத்த தடவை பாத்திரம் 'ணங்'கென்று விழும்போது, உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "எனக்கு வேண்டிய எதன் மேல் யார் கை வைத்தார்கள்?" மதிப்பா, ஓய்வா, படிக்க நினைத்த படிப்பா? விடை கிடைத்ததும் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கோபம் ஆறிப்போகும். அதற்கு அப்புறமும் ஆறாமல் நிற்பது எதுவோ, அதுதான் உங்கள் குறிக்கோள். அதை மட்டும் யாருக்காகவும் கைவிடாதீர்கள்.

பாத்திரம் பாவம், அது என்ன செய்யும்!