குதிரை இல்லை, தெருவில் டூயல் இல்லை... ஆனாலும் 'ஹெல் ஆர் ஹை வாட்டர்' ஏன் ஒரு பக்கா வெஸ்டர்ன் படம்?

மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். காலை நேரம். வங்கி ஊழியர் ஒருவர் காரை நிறுத்திவிட்டு, சிகரெட்டை முடித்துவிட்டு, கதவைத் திறக்க வருகிறார். கேமரா நிதானமாகச் சுற்றுகிறது. போகிற போக்கில் ஒரு சுவர் கண்ணில் பட்டு மறைகிறது. அதில் யாரோ பெயின்ட்டால் கிறுக்கியிருக்கிறார்கள். ஈராக் போருக்கு மூன்று தடவை போய் வந்தாச்சு, ஆனால் எங்களை மாதிரி ஆட்களைக் கடனிலிருந்து மீட்க யாரும் வரவில்லை என்பது அதன் சாரம். அடுத்த நிமிடம் முகமூடி போட்ட இரண்டு பேர் அந்த வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள்.

2016-ல் வெளியான 'ஹெல் ஆர் ஹை வாட்டர்' இப்படித்தான் தொடங்குகிறது. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் வாங்கியது, ஒன்றையும் ஜெயிக்கவில்லை. ஆனால் "வெஸ்டர்ன் எல்லாம் தாத்தா காலத்துப் படம்ப்பா" என்று சொல்லும் நண்பருக்குக் காட்ட ஒரு படம் கேட்டால், இதைத் தயங்காமல் சொல்லலாம்.

(கவனம்: இனி வருவதில் கதையின் முக்கியமான திருப்பங்களும் முடிவும் இருக்கின்றன. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.)

கொள்ளையடிப்பவர்கள் அண்ணன் தம்பி. தம்பி டோபி (கிறிஸ் பைன்) விவாகரத்தானவர், இரண்டு பையன்களின் அப்பா, வாழ்க்கையில் ஒரு தப்பும் செய்யாதவர். அண்ணன் டேனர் (பென் ஃபாஸ்டர்) ஜெயிலுக்குப் போய் வந்தவர், தப்பைத் தவிர வேறெதுவும் செய்யாதவர். இவர்களைத் துரத்துபவர் மார்கஸ் (ஜெஃப் பிரிட்ஜஸ்). ஓய்வு பெற இன்னும் சில வாரங்களே இருக்கும் டெக்சாஸ் ரேஞ்சர். கூடவே அவருடைய பார்ட்னர் ஆல்பர்டோ (கில் பர்மிங்ஹாம்). பாதி மெக்சிகன், பாதி கொமாஞ்சி பழங்குடி.

எலும்புக்கூடாகப் பார்த்தால் இது நூறு வருஷத்துப் பழைய கதை. கொள்ளைக்காரர்கள் இரண்டு பேர், ஷெரிஃப் ஒருவர், நடுவில் பெரிய வெட்டவெளி. இதில் புதுசாக என்ன இருக்கிறது என்று கேட்டால், பதில் ஒரு கடன் பத்திரத்தில் இருக்கிறது.

துப்பாக்கியின் இடத்தில் பேனா

டோபியின் அம்மா இறந்துவிட்டார். அவர் விட்டுப் போனது ஒரு பண்ணையும், அதன் மேல் ஒரு 'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' கடனும். சாதாரண வீட்டுக் கடனில் நாம் மாதாமாதம் வங்கிக்கு இஎம்ஐ கட்டுவோம். இது அப்படியே தலைகீழ். வயதானவர்கள் தங்கள் சொத்தை அடமானம் வைப்பார்கள், வங்கி அவர்களுக்குப் பணம் கொடுக்கும். உயிரோடு இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் வட்டி மேல் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அவர் காலமானதும் வாரிசுகள் மொத்தத்தையும் அடைக்க வேண்டும். முடியாவிட்டால் சொத்து கையை விட்டுப் போகும்.

முறையாகக் கொடுத்தால் முதியவர்களுக்குக் கைகொடுக்கும் திட்டம்தான். ஆனால் இந்தப் படத்தில் வரும் வங்கி (டெக்சாஸ் மிட்லண்ட்ஸ், கற்பனைப் பெயர்) அந்த அம்மாவுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கொடுத்து, வெறும் 25,000 டாலருக்கு மொத்த நிலத்தையும் சுருட்டப் பார்க்கிறது. அந்த நிலத்துக்கு அடியில் எண்ணெய் வேறு இருக்கிறது.

படத்தின் தலைப்பிலேயே இது ஒளிந்திருக்கிறது. 'கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்' என்றால் தலை போனாலும் சரி, செய்தே தீருவேன் என்று பொருள். அதே பெயரில் ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்தும் உண்டு. வாங்கிய இயந்திரம் ரிப்பேர் ஆனாலும், தொழில் படுத்தாலும், தவணை மட்டும் நிற்கக் கூடாது என்பது அதன் அர்த்தம். சபதமும் அதுதான், கடன் பத்திரமும் அதுதான். ஒரே சொல்லை இரண்டு தரப்பும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அண்ணன் தம்பியின் ப்ளான் ரொம்ப சிம்பிள். கடன் கொடுத்த அதே வங்கியின் கிளைகளை மட்டும் கொள்ளையடிப்பது. கட்டுக்கட்டாக இருக்கும் பணத்தைத் தொடாமல், கல்லாவில் இருக்கும் உதிரி நோட்டுகளை மட்டும் அள்ளுவது. தொகை சிறிது என்பதால் எஃப்பிஐ மெனக்கெடாது. பயன்படுத்திய காரைக் குழி தோண்டிப் புதைப்பது. பணத்தை ஓக்லஹோமாவில் பழங்குடியினர் நடத்தும் கேசினோவில் கொடுத்துச் சில்லுகளாக மாற்றி, பிறகு கேசினோவிடமிருந்து காசோலையாக வாங்கிக்கொள்வது. அந்தக் காசோலையை அதே வங்கியில் கட்டிக் கடனை அடைப்பது. வங்கியின் பணத்தாலேயே வங்கியின் வாயை அடைக்கும் வேலை. தியேட்டரில் விசில் பறந்திருக்க வேண்டிய ஐடியா.

சரி, இவர்கள் ஹீரோக்களா? அங்கேதான் படம் நம்மை நெளிய வைக்கிறது.

உணவகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு டோபி 200 டாலர் டிப்ஸ் வைத்துவிட்டுப் போகிறார். அது சாட்சியம், கொடுங்கள் என்று மார்கஸ் கேட்கிறார். தர முடியாது என்கிறார் அந்தப் பெண். அது அவருடைய வீட்டுக் கடன் தவணையில் பாதி. மகளுக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் கொள்ளையர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. முப்பது வருஷமாக என்னைக் கொள்ளையடித்த வங்கி அது என்கிறார் ஒரு பெரியவர். 2008 நிதி நெருக்கடியில் நிதி நிறுவனங்களைத் தூக்கி நிறுத்த அமெரிக்க நாடாளுமன்றம் 70,000 கோடி டாலர் வரை அனுமதித்ததும், அதே நாட்களில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்ததும் ஞாபகம் இருந்தால், இந்தக் கோபத்துக்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

ஆனால் டேனர் சுடும்போது சாவது வங்கியின் தலைவர் அல்ல. வேலை பார்த்துக்கொண்டிருந்த காவலாளி. வரிசையில் நின்றிருந்த சாதாரண ஆள். கடைசியில், மலைமேல் மறைந்திருந்து சுடும் டேனரின் குண்டுக்குப் பலியாவது ஆல்பர்டோ. படத்திலேயே நிலத்தின் மேல் மூத்த உரிமை யாருடைய முன்னோர்களுக்கு இருந்ததோ, அந்த மனிதர்.

யாருடைய நிலம்?

கோல்மன் என்ற ஊரில், வங்கிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஆல்பர்டோ பேசும் காட்சி ஒன்று வருகிறது. நீளமான காட்சி இல்லை. 150 வருடங்களுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டியவரை எல்லாம் என் முன்னோர்களின் நிலம், இவர்களுடைய தாத்தாக்கள் வந்து பிடுங்கிக்கொண்டார்கள், இப்போது இவர்களிடமிருந்து பிடுங்கப்படுகிறது, இந்த முறை ராணுவம் தேவைப்படவில்லை என்று சொல்லி எதிரே இருக்கும் வங்கியைக் காட்டுகிறார். மொத்தப் படமும் இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இது வெறும் வசனம் அல்ல, வரலாறு. தெற்குச் சமவெளி முழுக்க ஆதிக்கம் செலுத்தியவர்கள் கொமாஞ்சிகள். அந்தப் பரப்புக்கே 'கொமாஞ்சேரியா' என்று பெயர். படத்துக்கு முதலில் வைத்திருந்த தலைப்பும் அதுதான். 1875-ல் அவர்களின் கடைசிக் குழு சரணடைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் குவானா பார்க்கர். அவருடைய அம்மா சிந்தியா ஆன் பார்க்கர், 1836-ல் சிறுமியாகக் கொமாஞ்சிகளால் கடத்தப்பட்டு, அவர்களிலேயே ஒருவராக வளர்ந்த வெள்ளைக்காரப் பெண். ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) படத்துக்கான விதை அவருடைய கதைதான் என்பார்கள். அந்தப் படத்தில் கொமாஞ்சிகள் என்றால் பயமுறுத்தும் எதிரிகள். அறுபது வருஷம் கழித்து, கொமாஞ்சி ரத்தம் உள்ள ஒரு போலீஸ்காரர் அமெரிக்கச் சட்டத்தின் பேட்ஜைக் குத்திக்கொண்டு நிற்கிறார். அவருடைய முழுப்பெயர் ஆல்பர்டோ பார்க்கர். தற்செயல் என்று நம்புவது கஷ்டம்.

செத்தும் சாகாத ஜானர்

'வெஸ்டர்ன் செத்துப்போச்சு' என்று ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது இரங்கல் குறிப்பு எழுதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த ஜானர் பிறந்ததே ஒரு இரங்கல் கூட்டத்தில்தான். இனிமேல் குடியேறுவதற்கு எல்லைக்கோடு என்று எதுவும் மிச்சமில்லை என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகுதான், 1903-ல், 'தி கிரேட் ட்ரெயின் ராபரி' வந்தது. அதாவது சினிமா கௌபாய் குதிரையில் ஏறியபோதே, நிஜக் கௌபாயின் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. 'ஹை நூன்' (1952), 'அன்ஃபர்கிவன்' (1992), 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) என எந்த நல்ல வெஸ்டர்னை எடுத்தாலும், பழகிய உலகம் கையை விட்டு நழுவுவதைப் பார்க்கும் ஒருவர் அதில் இருப்பார். வேலைக்கு ஏஐ வருமா என்று பயப்படும் 2020களின் பார்வையாளருக்கு அந்த முகம் அந்நியமாகத் தெரியாது.

இன்னொரு காரணம், இந்த வடிவத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஜப்பானில் அகிரா குரோசவா எடுத்த 'யொஜிம்போ' (1961), இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனியின் கையில் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) ஆனது. படமாக்கப்பட்டது ஸ்பெயினில். தமிழிலும் ஜெய்சங்கர் தொப்பி மாட்டிக் குதிரை ஏறியிருக்கிறார். டெக்ஸ் வில்லர் என்ற இத்தாலிய கௌபாய் சிவகாசி காமிக்ஸ் வழியாகச் சரளமாகத் தமிழ் பேசுகிறார். 'ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்' (2023) படத்தில் காடு யாருக்கு என்ற கேள்விக்கு நடுவே கிளின்ட் ஈஸ்ட்வுட் வந்து நிற்பது நினைவிருக்கலாம். 'ஹெல் ஆர் ஹை வாட்டர்' படத்தை இயக்கிய டேவிட் மெக்கென்சியே அமெரிக்கர் இல்லை, ஸ்காட்லாந்துக்காரர். டெக்சாஸ் கதையைப் பெரும்பாலும் நியூ மெக்சிகோவில்தான் எடுத்தார். திரைக்கதை எழுதிய டெய்லர் ஷெரிடன் மட்டும் அசல் டெக்சாஸ்காரர். 'சிகாரியோ' (2015), 'விண்ட் ரிவர்' (2017) இரண்டும் அவர் எழுதியவை. பின்னாளில் 'யெல்லோஸ்டோன்' தொடர் மூலம் கௌபாயை வீட்டு டிவிக்கே கூட்டிவந்தவரும் அவர்தான்.

ஜெஃப் பிரிட்ஜஸ் பற்றி ஒரு சின்னத் தகவல். படத்தில் முதல் கொள்ளை நடப்பதாகக் காட்டப்படும் ஊர் ஆர்ச்சர் சிட்டி. 1971-ல் வெளியான 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' படமாக்கப்பட்டது அந்த ஊரில்தான். காய்ந்து சாகும் ஒரு டெக்சாஸ் ஊரின் கதை அது. அதில் இளைஞனாக நடித்து முதல் ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றவர் பிரிட்ஜஸ். 45 வருஷம் கழித்து, நரைத்த மீசையோடு கொள்ளை நடந்த இடத்தைப் பார்க்க அதே ஊருக்குள் நுழைகிறார். படம் இதைச் சொல்வதே இல்லை. தெரிந்துகொண்டு பார்த்தால் அவருடைய சோர்வான நடைக்கு வேறொரு கனம் வருகிறது.

கடைசிக் காட்சியில் துப்பாக்கிகள் இருக்கின்றன, சண்டை இல்லை. டேனர் இறந்துவிட்டார். டோபி மேல் எந்த வழக்கும் நிற்கவில்லை. பண்ணை மகன்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையாக மாறிவிட்டது. எண்ணெய்க் கிணறுகள் ஓடத் தொடங்கி, மாதம் 50,000 டாலர் கொட்டுகிறது. அந்த அறக்கட்டளையை நிர்வகிப்பது யார் தெரியுமா? கொள்ளையடிக்கப்பட்ட அதே வங்கி. இவ்வளவு பெரிய கணக்கை இழக்க மனமில்லாமல், விசாரணைக்கு ஒத்துழைக்க அது ஆர்வம் காட்டுவதில்லை.

ஓய்வு பெற்ற மார்கஸ் தனியாளாகப் பண்ணைக்கு வருகிறார். வராந்தாவில் இரண்டு பேரும் பேசுகிறார்கள். எல்லாம் உன் ப்ளான்தான் என்று எனக்குத் தெரியும், ஏன் செய்தாய் என்பதுதான் தெரிய வேண்டும் என்கிறார் மார்கஸ். வறுமை ஒரு நோய் மாதிரி, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டே வருகிறது, என் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்கிறார் டோபி. மார்கஸ் சமாதானம் ஆகவில்லை. அவருடைய நண்பன் மண்ணுக்கடியில் இருக்கிறான். அதற்குள் டோபியின் முன்னாள் மனைவியும் பிள்ளைகளும் காரில் வந்து இறங்குகிறார்கள். அந்த வீடு இப்போது அவர்களுடையது, டோபி வெறும் விருந்தாளி. நான் டவுனில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன், பேச்சை முடிக்க வேண்டும் என்றால் வாருங்கள் என்று டோபி அழைக்கிறார். சீக்கிரமே வருகிறேன் என்று சொல்லிவிட்டு மார்கஸ் வண்டியை எடுக்கிறார். கேமரா மெதுவாகக் கீழே இறங்கிப் புல்லுக்குள் போய் நிற்கிறது.