கலயத்தில் ஒரு கை

உலை கொதிக்கிறது. அரிசியை அளந்து முறத்தில் கொட்டியாயிற்று. களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கை அள்ளி, கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொல்லி, அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடவேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் 94 வயதில் படுக்கையில் விழும்வரை ‘கோயில்வீட்டு ஆச்சி’ இதை ஒருநாள்கூட விட்டதில்லை என்கிறார்கள்.

‘நூறைத் தொடும் பாட்டிகள்’ என்று எழுதுங்கள், நன்றாகப் போகும் என்று ஆசிரியர் குழுவில் சொல்லி அனுப்பினார்கள். ஆச்சி நூறைத் தொடவில்லை. 7 பிள்ளைகள், அடக்க ஆராதனையில் வரிசை கட்டி நின்ற பேரன் பேத்திகள், அவர்கள் வயிற்றுப் பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டே வந்த நான், மூத்த மகள் அந்தக் கலயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் வயதுக் கணக்கை விட்டுவிட்டேன்.

பனையேறி வீடு. பங்குனி பிறந்தால் ஆச்சிக்குப் பனங்காட்டு விடிலிக் குடிசையில்தான் குடித்தனம். வீட்டுக்காரர் இறக்கிவரும் பதநீரைக் காய்ச்சி, பதம் தப்பாமல் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்க வேண்டும். கண்ணெல்லாம் புகை, இடுப்பில் ஒரு பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மணி அடிக்கும்போது மட்டும் அதே ஆச்சி வெள்ளைச் சேலையில், பெண்கள் பக்கம் முதல் பாயில் இருப்பார். ஓய்வுநாள் பாடசாலை, கோயில் அசன விருந்துக்குத் தேங்காய் துருவுவது, சாவு வீட்டில் விடியவிடியப் பாட்டு, பிள்ளைப்பேற்று வீட்டுக்குக் காயம் இடித்துக் கொண்டுபோவது என்று மற்ற ஊழியங்களும் உண்டு. எல்லாச் சபையிலும் இப்படி ஒரு ஆச்சி இருப்பார் என்பதால் அவற்றை நீட்டவில்லை.

“கருப்பட்டி வித்த காசு எங்கய்யா மடிக்குப் போயிரும் தம்பி. வியாபாரிட்ட வாங்குன முன்பணம், கடைக்கடன், எல்லாம் அதுலதான கழியணும். அம்மா கையில காசுன்னு ஒண்ணு நின்னதே கெடையாது. ஆனா அரிசி அவ கையிலல்லா இருக்கு? அளக்கது அவ. ஒரு கை எடுத்தா யாரு கேக்க?”

பத்துப் பேரைப் பேட்டி கண்டாலும் கிடைக்காத விஷயம் இது. கைப்பிடி அரிசியைப் பக்தி என்கிறோம், சிக்கனம் என்கிறோம். அது யாரிடமும் கேட்காமல் ஒரு பெண் கொடுக்க முடிந்த ஒரே காணிக்கை என்பதை யாரும் சொன்னதில்லை. அரிசி வாங்க வழியில்லாத நாளில் கம்பிலிருந்து ஒரு கை போயிருக்கிறது. மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடுவீடாக வந்து கலயத்தைக் கவிழ்த்து, படியால் அளந்து, விற்று, கோயிலில் கட்டுவார்கள். கணக்குப் புத்தகத்தில் ‘கைப்பிடி அரிசி வகையில்’ என்று ஒரே வரி. யார் கை என்று அதில் இருக்காது.

பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேடு தொடங்குவதே கிளாரிந்தா என்கிற பெண்ணின் பெயரில்தான். அவர் கட்டி 1785இல் பிரதிஷ்டையான கோயிலை ஊர் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறது. கிளாரிந்தாவுக்குக் கையில் பணம் இருந்தது, பெயரும் நின்றது. 1903இல் அதே ஊரில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். நம் காசில் நம் ஆட்களை அனுப்புவோம் என்று தெலுங்கு தேசத்து டோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். ‘நம் காசு’ எந்த அடுப்படிகளிலிருந்தெல்லாம் புறப்பட்டது என்று யாராவது எழுதி வைத்திருக்கக் கூடாதா? மிசோரமில் 1910இல் பெண்கள் தொடங்கிய கைப்பிடி அரிசி இன்று அங்குள்ள திருச்சபைக்குக் கோடிக்கணக்கில் கொண்டுவருகிறது. நம் பக்கத்தில் கலயத்தைக் காண வேண்டுமென்றால் பரணில்தான் தேட வேண்டும்.

எனக்குள்ள கவலை அங்கேதான். சங்கக் காணிக்கை ரசீது குடும்பத் தலைவர் பெயரில். ஸ்தோத்திரக் காணிக்கை அவர் கைப்பேசியிலிருந்து போகிறது. அரிசியோ மூட்டையாக வந்து குக்கரில் ஒரு டம்ளர் வேகிறது. அளக்கிற கைக்கு இருந்த அந்தச் சின்ன அதிகாரத்தை யாரும் பிடுங்கவில்லை; தானாகவே கழன்று விழுந்துவிட்டது. “நான் சம்பாதிக்கேன், என் தசமபாகத்த நானே குடுக்கேன், ஆச்சிக்கு அந்த ஒரு கைதான் இருந்துச்சுங்கறது பெருமையா?” என்று நர்ஸாக இருக்கும் பேத்தி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பளம் இல்லாமல் வீட்டோடு இருக்கும் அவருடைய அத்தைமார், சித்திமாரை நினைத்துக்கொண்டுதான் நான் இதை எழுதுகிறேன்.

2011இல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தபோது ஆச்சிக்குப் பெரிய இக்கட்டு. வீட்டுச் சமையலுக்கு ரேஷன் அரிசி. கலயத்துக்கு மட்டும் கடையில் கால் கிலோ வாங்கிவரச் சொல்வாராம். முதியோர் பென்ஷனில் முதல் செலவு அதுதான். “ஓசியில வந்தத ஆண்டவருக்கு எப்படிளா குடுக்க?” என்று மருமகளிடம் சண்டை. அர்வனாவின் களத்தைத் தாவீது சும்மா வாங்க மறுத்து, விலை கொடுத்து வாங்கிய கதையை ஆதாரம் காட்டுவார். மருமகள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. சோறு ஒன்று, சாமிக்கு ஒன்றா என்று இப்போதும் கேட்கிறார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அடுப்பு மூட்டியபோது கலயம் முக்கால் வாசி இருந்தது. அரிசி வாங்க வீட்டுக்கு வருகிற வழக்கம் நின்று வெகுநாள் ஆகிவிட்டதால் மகளே பையில் கட்டிக் கொண்டுபோனார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியார் வாங்கித் தராசில் வைத்தார். நாலரைக் கிலோ. அசனத்துக்கு ஆகும் என்று வரவு வைத்து, வழக்கம்போல மூத்த மகன் பெயரில் ரசீது எழுதி நீட்டியிருக்கிறார்.

“எங்க அண்ணன் எப்ப அரிசி அளந்தான்னு கேட்டேன் தம்பி.”

வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த ரசீதை எடுத்துக் காட்டினார். ஒரு பெயர் குறுக்கே அடிக்கப்பட்டிருக்கிறது. அதன் தலைமாட்டில், இடம் போதாமல் நெருக்கி, இன்னொரு பெயர்.