மலைக்கு ஏறிய அரிசி

எங்கள் தோப்பூருக்குத் தண்டவாளம் வரவில்லை. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், சீனக்குடா ஆலையில் அரைத்த கோதுமை மா ரயிலேறுவதைத்தான் பார்க்கிறோம். ஏற்றிய பெட்டியிலேயே அந்த மா கொழும்பு வரை போய்விடும். ஒரு காலத்தில் மலைநாட்டு ரயில் நிலையமான நானுஓயாவுக்கு வந்து அப்பால் போன சரக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கொழும்பிலிருந்து நானுஓயா வரை தண்டவாள அகலம் ஐந்தரை அடி. அங்கே பிரிந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன உடப்புசல்லாவைப் பாதைக்கு இரண்டரை அடிதான். 1903இல் நுவரெலியாவுக்கும் 1904இல் இராகலைக்கும் ரயில் ஓடியது. நானுஓயாவில் ஒவ்வொரு மூட்டையையும் பெரிய பெட்டியிலிருந்து இறக்கிச் சின்னப் பெட்டியில் ஏற்றியாக வேண்டியிருந்தது.

இந்த ஒடுக்கத்துக்குக் காரணம் மலையின் வளைவுகள். ரயில் பெட்டியின் ஒவ்வொரு அச்சிலும் இரண்டு சக்கரங்களும் இறுகப் பொருத்தியவை, சேர்ந்தேதான் சுழலும். வளைவிலோ வெளிச் சக்கரத்துக்குத் தூரம் கூட. பாதை செங்கோணமாகத் திரும்பினால் அந்த வித்தியாசம் அகலப் பாதையில் சுமார் 2.6 மீட்டர், ஒடுங்கிய பாதையில் 1.2 மீட்டர். சக்கரத்தின் சாய்ந்த விளிம்பு கொஞ்சம் ஈடுகட்டும். மிச்சமெல்லாம் உரசலும் தேய்மானமும்தான். அகலத்தைக் குறைத்தால் வளைவை இறுக்கலாம், மலையை வெட்டும் செலவு மிச்சம்.

ஏற்றம் இன்னொரு தொல்லை. சமதரையில் ஒரு தொன் பாரத்தை நகர்த்த இரண்டு மூன்று கிலோ விசை போதும். நானுஓயாவுக்கு வரும் பெரிய பாதையில் 44 அடிக்கு ஓரடி ஏற்றம். அங்கே ஒவ்வொரு தொன்னும் 23 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். இராகலைப் பாதை அதைவிடச் செங்குத்து. நீலகிரி மலை ரயிலில் 12.5 அடிக்கு ஓரடி என்பதால் 80 கிலோ. அதனால்தான் அங்கே பல்சக்கரம் தேவைப்பட்டது.

மலை ரயில் என்றதும் தேயிலைதான் நினைவுக்கு வருகிறது. தேயிலை கீழே இறங்கிய சரக்கு. ஈரம் நீங்கிய இலை, பெட்டி நிறைந்தாலும் பாரம் குறைவு. ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் உள்ளே ஈயத்தாள் ஒட்டிய மரப்பெட்டியில் அடைத்து, கூரையுள்ள ரயில் பெட்டியில் அனுப்பினார்கள். மேலே ஏறியதுதான் கனம்: லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் அரிசி, தோட்டத்துக்கு உரம். தேயிலையின் கதையைச் சொல்லும்போது இந்த அரிசியை விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு லொறி வந்தது. தொழிற்சாலை வாசலில் ஏற்றிய பெட்டியை நேரே கொழும்பில் இறக்கலாம், இடையில் கைமாற்றம் இல்லை. 1948இல் உடப்புசல்லாவைப் பாதையை மூடினார்கள்.