குறிப்பு சொல்வதும் கேர்னல் செய்வதும்

தெரணியகலைத் தோட்டமொன்றில் ஒருவர் கையிலிருக்கும் அண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஓடுவது லினக்ஸ் கேர்னல்தான். பணிசெயல் முறைமையின் இதயம் அது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தச் செய்நிரல் இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவதால், ஒருவர் எழுதியது இன்னொருவருக்கு விளங்க வரிகளுக்கிடையே குறிப்புகள் வைப்பார்கள். ‘இந்தச் சார்பை அழைக்குமுன் இன்ன பூட்டைப் பிடித்திருக்க வேண்டும்’ என்பது அப்படியொரு குறிப்பு.

சார்பு என்பது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு. ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்றிவிடாமல் காப்பதே பூட்டு. பிடிக்காமல் விட்டால் தரவு குழம்பும். பிடித்திருக்கும் பூட்டையே மறுபடி பிடிக்கப் போனால் கருவி அசையாமல் நின்றுவிடலாம். ஆகவே அந்த ஒரு வரிக் குறிப்பு சரியாக இருந்தே ஆக வேண்டும்.

ஆனால், நிரலைக் கணினிக்குரிய மொழிக்கு மாற்றும் தொகுப்பான் குறிப்புகளைப் படிப்பதில்லை. நிரலை மாற்றியவர் குறிப்பை மறந்தாலும் எல்லாம் வழக்கம்போல ஓடும். மருந்தடித்த மலைக்குரிய எச்சரிக்கைப் பலகை பக்கத்து மலையில் நின்றால், பலகையே இல்லாததைவிட அது ஆபத்து, நம்பி இறங்கிவிடுவார்கள். பழசான குறிப்பும் அப்படித்தான்.

2007இல் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஐகமெண்ட்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். லினக்ஸ், மொசில்லா, வைன், அப்பாச்சி ஆகிய மென்பொருள்களின் குறிப்புகளிலிருந்து 1832 விதிகளை அது பிரித்தெடுத்து, நிரலோடு ஒப்பிட்டது. 60 முரண்பாடுகள் அகப்பட்டன. அவற்றில் 33 நிரலின் பிழைகள். 27 குறிப்பின் பிழைகள். குறிப்பும் நிரலும் முரண்பட்டால் குற்றம் எந்தப் பக்கமும் இருக்கலாம் என்பதை இந்த எண்ணிக்கையே காட்டுகிறது.

இதற்குச் சிறந்த மருந்து, முடிந்த இடங்களில் குறிப்பையே சோதனையாக மாற்றுவது. கேர்னல் நிரலாளர் இங்கோ மோல்னாரின் பூட்டுச் சோதனைக் கருவியான ‘லாக்டெப்’ 2006இல் கேர்னலில் சேர்ந்தது. இன்று ‘பூட்டு பிடித்திருக்க வேண்டும்’ என்பதை நிரலிலேயே ஒரு கட்டளையாக எழுதலாம். லாக்டெப் இயங்கும் கேர்னலில் விதியை மீறினால் எச்சரிக்கை வரும். சார்பின் உள்ளீட்டுப் பெயர் மாறியும் விளக்கக் குறிப்பில் பழைய பெயர் இருந்தால் ‘கேர்னல்-டாக்’ என்ற கருவி காட்டிக்கொடுக்கும்.

ஒரு வழியை ஏன் தெரிந்தெடுத்தோம் என்ற காரணத்தை மட்டும் எந்தக் கருவியாலும் சரிபார்க்க முடியாது. அதை மனிதர்தான் எழுத வேண்டும். நிரலை மாற்றும் அதே திருத்தத்தில் அதையும் மாற்ற வேண்டும். திருத்தத்தைப் பரிசீலிப்பவரும் மாறிய வரியோடு நிற்காமல் அதன் மேலுள்ள குறிப்பையும் வாசிக்க வேண்டும். கணினி படிக்கும் நம் பிள்ளைகள் முதல் செய்நிரலிலிருந்தே இதைப் பழகட்டும். நாளை அவர்களுடைய நிரலைத் திறக்கப்போகிறவருக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தக் குறிப்பைத் தவிர வேறு ஆள் இருக்காது.