பழவங்காடித் தேங்காயும் பொய்த்தீர்வும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு அருகே, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் முக்கிய வழிபாடே தேங்காய் உடைப்பதுதான். இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள கோயில் அது. நாம் சிதறுதேங்காய் போடுவோமே, அதேதான். இங்கே அளவு பெரிது. அந்தக் குவியலை வைத்து ஒரு கணக்குப் போடலாம். குவியலில் எத்தனை தேங்காய் உண்டோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு உடைத்தாயிற்று. மிச்சம் 90. முதலில் இருந்தவை எத்தனை?

மொத்தத்தை ‘ம’ என்று வைப்போம். ம − √ம = 90. மூலக்குறியை ஒரு பக்கம் தனியாக ஒதுக்கினால் ம − 90 = √ம. மூலக்குறி போகவேண்டும் என்றால் இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்த வேண்டும். பள்ளியில் இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். அப்போது ம² − 181ம + 8100 = 0 என்று வரும். தீர்வுகள் இரண்டு: 100, 81.

நூறு சரி, பத்தை உடைத்தால் தொண்ணூறு மிஞ்சும். 81-ஐப் பாருங்கள். ஒன்பதை உடைத்தால் மிச்சம் 72. கணக்கில் எந்த வரியும் தப்பில்லை, ஆனாலும் விடை தப்பு: 81 ஒரு பொய்த்தீர்வு.

81-இலிருந்து 90-ஐக் கழித்தால் −9. 81-இன் வர்க்கமூலமோ 9. இரண்டும் சமமில்லை. ஆனால் வர்க்கப்படுத்தினால் இரண்டுமே 81 ஆகிவிடுகின்றன; குறை எண்ணா மிகை எண்ணா என்ற அடையாளம் அந்த ஒரு படியில் அழிந்துபோகிறது. 81 உண்மையில் வேறொரு கேள்விக்கு விடை: குவியலோடு அதன் வர்க்கமூலம் அளவு தேங்காயைச் சேர்த்தால் 90 வரும் என்றால், குவியல் எவ்வளவு? 81 + 9 = 90. உடைத்த கணக்கும் சேர்த்த கணக்கும் வர்க்கப்படுத்திய பிறகு ஒரே சமன்பாடு. ‘விடையைச் சரிபார்’ என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதை நாம் சடங்காக நினைத்துவிடுகிறோம். இந்த வகைக் கணக்கில் அது தீர்வின் ஒரு பகுதி.

1150-இல் ‘லீலாவதி’ என்ற கணக்கு நூலை எழுதிய இரண்டாம் பாஸ்கரர் இதே வகைக் கணக்கை வேறு வழியில் போட்டார். வர்க்கமூலத்தைப் பெருக்கும் எண்ணில் பாதியை எடு, அதன் வர்க்கத்தை மிச்சத்தோடு கூட்டு, மூலம் காண், அந்தப் பாதியைத் திரும்பச் சேர், கிடைத்ததை வர்க்கமாக்கு. நம் தேங்காய்க் கணக்கில் பெருக்கும் எண் 1. பாதி ½, வர்க்கம் ¼. 90¼-இன் மூலம் 9½. அதோடு ½ சேர்த்தால் 10. வர்க்கம் 100. வேலை முடிந்தது, 81 தலைகாட்டவே இல்லை. காரணம், அவர் தேடுவது குவியலை அல்ல, குவியலின் மூலத்தை. கடைசிப் படியில்தான் குவியலுக்கு வருகிறார். மூலம் காணும்போது மிகை எண்ணை மட்டுமே எடுப்பதால் −9 நுழைய வாசலே கிடையாது.

அவருடைய அம்புக் கணக்கு இன்னும் சுவையானது. கர்ணனைக் கொல்லச் சினந்த அர்ஜுனன் பாதி அம்புகளால் கர்ணன் எய்தவற்றைத் தடுக்கிறான். மொத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல் நான்கு மடங்கு குதிரைகளுக்கு. சல்லியனுக்கு ஆறு, குடை, கொடி, வில்லுக்கு மூன்று, தலைக்கு ஒன்று. மொத்தம் எத்தனை அம்புகள்? விடை நூறு. பள்ளி முறையில் போட்டால் கூடவே 4 என்றும் வரும். சல்லியனுக்கே ஆறு வேண்டுமே!

லீலாவதிக்குக் கேரளத்தில் 16ஆம் நூற்றாண்டில் சங்கர வாரியர் தொடங்கி நாராயணர் முடித்த ‘கிரியாகிரமகரீ’ என்ற விரிவான உரை உண்டு. கதையும் கணக்குமான லீலாவதி தெற்கே எவ்வளவு ஊன்றிப் படிக்கப்பட்டது என்பதற்கு அது ஒன்றே போதும்.

பாஸ்கரரின் இன்னொரு நூலான ‘பீஜகணித’த்தில் ஒரு குரங்குக் கூட்டம். ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தினால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன; ஒன்று மட்டும் கிளையில். விடைகள் 50, 5. ஐம்பதென்றால் 10 − 3 = 7; 49 குகையில், 1 வெளியே. ஐந்தென்றால் 1 − 3 = −2; வர்க்கம் 4, கிளையில் 1. எண்கள் பொருந்துகின்றன. இருந்தும் பாஸ்கரர் ஐந்தை ஏற்கவில்லை. குறை எண்ணை உலகம் ஒப்புவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். அதே கணக்கை √(ம − 1) = ம/5 − 3 என்று மூலக்குறியோடு எழுதிப் பாருங்கள். 5-ஐப் போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2.